ஒரு இஞ்சுக்கு எத்தனை இஞ்சு

தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சு மாஸ்டர் என்றால்தான் தெரியும். தையல்காரர்கள் எல்லோரும் கழுத்தில் இஞ்சு டேப்பைப் போட்டுக்கொள்வார்கள். இவர் கழுத்தில் அது முளைத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவார். அப்போதும் குளியலறைக் கதவின் கொக்கியில், கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் கண்ணால் அளந்து, "இடது கால் ஒரு நூல் கட்டை" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அதனாலேயே பல வீடுகளில் அவரை நிற்கவைத்துப் பேசி அனுப்பினார்கள்.

"மனுஷன் பொய் சொல்லுவான், கண்ணாடி பொய் சொல்லும், என் டேப்பு பொய் சொல்லாது." இதை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதில் கடைசிப் பகுதியைக் கடை வாசலில் பலகையாக எழுதியும் மாட்டியிருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு கேமரா வாங்கினார்.

தைத்து முடித்த உடைகளைப் படம் பிடித்து ஓர் ஆல்பம் செய்ய வேண்டும், வருகிறவர்கள் அதைப் புரட்டிக் காலர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கேமராவுக்காக எங்கேயும் அலைய வேண்டியதில்லை. நேர் எதிரே கேமராக் கடை. அதன் முதலாளி ஒன்பது வருஷத்து நண்பர். காலை பதினோரு மணிக்கு ஒருவர் கடை வாசலில் இன்னொருவர் நின்று டீ குடிக்காத நாள் கிடையாது.

கேமராக் கடைக்காரருக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் கடையில் இல்லாத லென்ஸ் உலகத்திலேயே இல்லை என்பது. இரண்டாவது, அவருடைய இடுப்பு. "இருபத்தஞ்சு வயசுல முப்பத்துநாலு. இன்னைக்கும் முப்பத்துநாலு. நம்பலைன்னா பேன்ட்டுக்கு உள்ள பாருங்க, மாஸ்டர் கையெழுத்து இருக்கு" என்பார். யாரும் பார்க்க விரும்பியதில்லை.

அந்தக் கடையின் கவுன்டரில் இருந்தவளுக்கு லென்ஸு என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி அவ்வளவு கனம். ஒவ்வொரு கேமராவுக்கும் முன்னால் நிற்கும் விவர அட்டைகளை அவள்தான் தன் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதுவாள். மாஸ்டர் மூன்று கேமராக்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. ஓர் அட்டையில் மட்டும் "ஒரு இஞ்சு சென்சார்" என்று இருந்தது.

"சென்சார்னா என்னம்மா?"

"உள்ள இருக்கிற சின்னத் தகடு மாஸ்டர். வெளிச்சம் அது மேல விழுந்துதான் படமாகுது. பெருசா இருந்தா நல்லது."

"ஒரு இஞ்சா?"

"ஒரு இஞ்சு."

முன்பின் தெரியாத ஊரில் தொலைந்துபோனவன் காதில் திடீரென்று தன் அம்மாவின் குரல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது அவருக்கு. வேறு எதுவும் கேட்கவில்லை. "இதையே கட்டு" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் தெரு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் மாஸ்டர் எதையும் கடைசிப் பக்கம்வரை படிக்கிறவர். கேமராவோடு வந்த விளக்கப் புத்தகத்தை, "கேமராவை நெருப்பில் போடாதீர்கள்" என்பதில் தொடங்கி, ஒரு வரி விடாமல் படித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் நூற்றெழுபத்தெட்டாம் பக்கத்துக்கு வந்துசேர்ந்தார். அங்கே எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி: சென்சார் அளவு, 13.2 × 8.8 மி.மீ.

ஒரு இஞ்சுக்கு இருபத்தைந்து மில்லிமீட்டரும் கொஞ்சமும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். கறுப்புத் துணி ஒன்றை விரித்தார். சாக்கட்டியைக் கூராகச் சீவி, அந்த அளவுக்குக் கோடு போட்டு, கத்தரித்து எடுத்தார். டேப்பின் மேல் வைத்துப் பார்த்தார். நீளம் அரை இஞ்சு, கூட ஒரு மயிரிழை. அகலம் அதுவும் இல்லை. மூலைக்கு மூலை வைத்தும் பார்த்தார். பதினாறு மில்லிமீட்டரைத் தொடவில்லை.

கொக்கி தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தார். தெருவில் அவருக்கு மாஸ்டரம்மா என்று பெயர்.

"என்னங்க இது? எலிக்குட்டிக்குக் கைக்குட்டையா?"

"இது ஒரு இஞ்சாம்."

"யாரு சொன்னா?"

"எதிர்க்கடையில சொன்னாங்க."

"படம் நல்லா விழுதில்ல? விட்டுட்டு ஜாக்கெட்டைப் பாருங்க."

"நீ பூக்காரன்கிட்ட ஒரு முழம்னு கேட்டு அவன் அரை முழம் குடுத்தா, மணக்குதில்லன்னு விட்டுருவியா?" என்று கேட்டுவிட்டு மாஸ்டர் அந்தத் துணித்துண்டைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். வண்டிகள் வருகின்றனவா என்றுகூடப் பார்க்கவில்லை. நியாயம் தன் பக்கம் இருக்கும்போது வண்டி தானாக நிற்கும் என்பது அவர் எண்ணம்.

லென்ஸு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கவுன்டர் மேல் துணித்துண்டை வைத்தார்.

"இது என்ன?"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "துணி மாஸ்டர்."

"என்ன துணி?"

"கறுப்புத் துணி."

"இல்லம்மா. இது உன்னோட ஒரு இஞ்சு."

லென்ஸுவுக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருஷமாக யாராவது ஒருவர் இதைக் கேட்பார் என்று எதிர்பார்த்திருந்தவள்தான். ஆனால் டேப்போடு வருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"மாஸ்டர், கோவப்படாமக் கேளுங்க. அந்தக் காலத்துல டிவி கேமராவுக்குள்ள சென்சார் கிடையாது. ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். குழாயோட வெளிப்பக்கக் குறுக்களவு ஒரு இஞ்சு. ஆனா படம் விழுற இடம் உள்ள கொஞ்சமாத்தான் இருக்கும். அப்புறம் குழாய் போயி தகடு வந்துச்சு. தகடு அந்தப் படம் விழுற இடத்து அளவுதான். பேரு மட்டும் குழாயோட பேரு."

"குழாய் இப்ப எங்க இருக்கு?"

"இல்ல."

"என் கேமராவுக்குள்ள?"

"இல்ல மாஸ்டர்."

"ஆக, இல்லாத குழாயோட வெளிப்பக்கத்தை அளந்து எனக்கு வித்திருக்கே."

"அப்படிச் சொன்னா அப்படித்தான்."

மாஸ்டர் அலமாரி ஓரமாக நடந்து ஒவ்வோர் அட்டையாகப் படிக்க ஆரம்பித்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார் மாதிரி இருந்தது.

"இது என்ன, மைக்ரோன்னு போட்டிருக்கு? பொடிசுன்னுதானே அர்த்தம். இது இஞ்சை விடச் சின்னதா?"

"பெருசு."

"பொடிசு பெருசு. சரி. இது என்ன கிராப்? சலூன்ல வெட்டுறதா?"

"அதை விடப் பெருசுல இருந்து வெட்டின மாதிரின்னு அர்த்தம்."

"நீங்க வெட்டினீங்களா?"

"யாரும் வெட்டல மாஸ்டர். செய்யும்போதே அந்த அளவுதான்."

"வெட்டாமலே கிராப்பு. நல்லாருக்கு. இது ஃபுல். அப்பாடா, முழுசு. இதுதான் எல்லாத்துலயும் பெருசு?"

லென்ஸு முதலாளி இருக்கும் பக்கம் பரிதாபமாகப் பார்த்தாள். அவர் டீ கிளாஸோடு வந்துகொண்டிருந்தார்.

"சொல்லும்மா."

"ஃபுல்லை விட மீடியம் பெருசு மாஸ்டர்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது வருஷமாக ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அவர் மனசுக்குள் வரிசையாக நின்றுகொண்டிருந்த சட்டைகளெல்லாம் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தார்.

"முழுசை விட நடுத்தரம் பெருசு. அண்ணே, இது கடையா, கண்கட்டு வித்தையா?"

கடைக்காரர் சிரித்தார். "உலகம் பூரா இப்படித்தான் மாஸ்டர் சொல்றாங்க."

அந்த இடத்தில் மாஸ்டரும் சிரித்துவிட்டு டீயை வாங்கிக் குடித்திருக்கலாம். ஆனால் கடையில் நான்கைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள். நான்கைந்து பேரைச் சேர்ந்தாற்போல் பார்த்தால் மாஸ்டருக்கு நாக்கு தானாக நீளும்.

"உலகம் பூரா சொன்னா ஆச்சா? அளவுன்னு ஒண்ணு எழுதினா அது அளவா இருக்கணும். நான் நாப்பது வருஷமா எழுதுறேன். என் கையால எழுதின ஒரு நம்பர், ஒரே ஒரு நம்பர், பொய் சொல்லியிருக்கா? இதோ நிக்கிறாரே, இவரையே கேளுங்க!"

சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் கண் கடைக்காரருடைய இடுப்புக்குப் போனது. சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்காரரோ உருகிப்போய்விட்டார். அவர் சட்டென்று உருகுகிற ஆள். போன வருஷம் யாரோ 'உங்க கடையில யாருமே சிரிக்கிறதில்லை' என்று சொன்னதற்கு 'சிரிப்பு வாரம்' நடத்தி, சிரித்துக்கொண்டே உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் லென்ஸ் துடைக்கும் துணி கொடுத்தவர்.

"மாஸ்டர் சொல்றது நூத்துக்கு நூறு நியாயம்" என்றார். "லென்ஸு, எல்லா அட்டையையும் எடு. வர்ற சனிக்கிழமையில இருந்து நம்ம கடையில உண்மை அளவு வாரம். மாஸ்டர்தான் வந்து தொடங்கி வைக்கணும். அளவுன்னா எப்படி இருக்கணும்னு ஜனங்களுக்குக் காட்டணும் இல்லையா? முதல்ல என் இடுப்பை அளங்க. எல்லார் முன்னாலயும். முப்பத்துநாலு! அப்புறம் கேமராவுக்குப் போவோம்."

"அதெல்லாம் எதுக்குண்ணே..."

"கூச்சப்படாதீங்க மாஸ்டர். இது உங்களுக்கு நான் செய்யிற மரியாதை."

தெருவைத் திரும்பக் கடக்கும்போது மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்து, மூன்று வண்டிகளை விட்டு, மெதுவாகக் கடந்தார்.

விஷயம் இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடைக்காரர் முதல் பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்தபோதே டேப் முப்பத்தாறு காட்டியது. "முப்பத்துநாலுதானே?" என்று அவர் கேட்ட குரலில், பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளையின் நடுக்கம் இருந்தது. மாஸ்டர் முகத்தைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். "முப்பத்துநாலேதான்" என்றார். முப்பத்தாறுக்குத் தைத்து, பட்டையின் உள்பக்கம் முப்பத்துநாலு என்று எழுதினார். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய், அதுவும் இரண்டே இஞ்சுப் பொய் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் பொய் நின்ற இடத்திலேயே நின்றது, இடுப்பு நிற்கவில்லை. போன மாதம் கடைசியாக அளந்தபோது நாற்பத்தொன்றரை.

இப்போது சனிக்கிழமை ஊர் முன்னால் டேப் நாற்பத்தொன்றரை என்று சொன்னால் இரண்டில் ஒன்று போகும். டேப் பொய் என்றால் பலகையைக் கழற்ற வேண்டும். எழுதியது பொய் என்றால் ஒன்பது வருஷத்துச் சிநேகிதனைக் கழற்ற வேண்டும்.

மாஸ்டரம்மாவிடம் சொன்னார். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தையல் மெஷின் மேலிருந்த நூல்கண்டு உருண்டு ஓடியது.

"நாப்பத்தொண்ணரையில முப்பத்துநாலு போனா எவ்வளவு?"

"ஏழரை."

"அப்படியே சொல்லிவச்ச மாதிரி. சும்மா இருந்த மனுஷன்கிட்டப் போயி ஏழரையைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"சிரிக்காதடி. என்ன பண்ண?"

"இன்னைக்கே போயி உண்மையைச் சொல்லுங்க. உங்க சிநேகிதர்தானே."

"சொன்னா அவரு மூஞ்சி எப்படிப் போகும் தெரியுமா?"

"அப்ப சனிக்கிழமை எல்லார் மூஞ்சியும் போகட்டும்" என்று சொல்லிவிட்டு மாஸ்டரம்மா நூல்கண்டைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் போனார்.

இரண்டு நாள் மாஸ்டர் காய்ச்சல் வருமா என்று பார்த்தார். வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், மாஸ்டரம்மா பட்டன் வாங்க வெளியே போயிருந்தபோது, அவருக்கு ஒரு யோசனை வந்தது. வந்தவுடனே உடம்பெல்லாம் கூசியது. கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மேஜை மேல் நீளமாக விரித்தார்.

பேன்ட் தளர்வாக இருந்தால் என்ன செய்வோம்? பிடிப்போம். நாற்பத்தொன்றரையை முப்பத்துநாலாக ஆக்க வேண்டுமானால்? ஏழரை பிடிக்க வேண்டும். நாற்பது வருஷம் பழகின கை, அது யோசிக்காது. பதினைந்தாம் இஞ்சில் ஒரு வெட்டு, இருபத்திரண்டரையில் ஒரு வெட்டு. நடுத்துண்டை எடுத்துப் போட்டுவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்து, தன் வாழ்நாளிலேயே மிகச் சன்னமான தையலைப் போட்டார். ஒட்டு கடைக்காரரின் முதுகுப்பக்கம் போய்விடும். யார் கண்ணிலும் படாது. அந்தத் தையலைப் பார்க்கப் பார்க்க அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அளந்து சரிபார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. டேப்பை யாராவது அளப்பார்களா?

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கேமராக் கடையில் நிற்க இடமில்லை. வாசலில் 'உண்மை அளவு வாரம்' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தது. கடைக்காரர் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டைக் கழற்றி லென்ஸுவிடம் கொடுத்துவிட்டு, கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்றார். பறக்கப் போகிறவர் மாதிரி இருந்தார்.

"எல்லாரும் நல்லாக் கவனிங்க. மாஸ்டர் அளப்பாரு. ஆனா நம்பரை மாஸ்டர் படிக்கக்கூடாது, நானும் படிக்கக்கூடாது. எங்க லென்ஸு படிப்பா. அவளுக்கு ரெண்டு பக்கமும் வேண்டியவங்க இல்ல."

மாஸ்டர் டேப்பை எடுத்தார். சுற்றினார், ஒட்டு முதுகுக்குப் போனது, முனை தொப்புளுக்கு நேராக வந்தது. அதே நேரத்தில் வாசலில் ஒரு சலசலப்பு. மாஸ்டரம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தார். கையில் எதையோ உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

லென்ஸு குனிந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"நாப்பத்தொன்பது" என்றாள்.

கடையில் ஏதோ ஒரு கேமரா 'க்ளிக்' என்றது.

"என்னது?" என்றார் கடைக்காரர். "சென்டிமீட்டர் பக்கம் படிக்கிறியா?"

"நாப்பத்தொன்பது சென்டிமீட்டர்னா நீங்க கைக்குழந்தை சார். இது இஞ்சுதான்."

மாஸ்டருக்கு எதுவும் விளங்கவில்லை. முப்பத்துநாலு வர வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்பது எப்படி உட்கார்ந்திருக்கிறது? அப்போது மாஸ்டரம்மா பக்கத்தில் வந்துவிட்டார். கையிலிருந்தது ஏழரை இஞ்சு டேப்புத்துண்டு. காதோரம் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்னது கடைசி வரிசைவரை கேட்டது.

"ஏழரையைக் கூட்ட வேண்டிய இடத்துல கழிச்சிட்டீங்களே! டேப்பு கட்டையானா இடுப்பு கம்மியாவா வரும்? எந்தெந்த இடத்துலயோ ஏழரையைக் கூட்டுறீங்க, கூட்ட வேண்டிய ஒரே இடத்துல கூட்டலையே!"

ஆனால் கடைக்காரர் காதில் எதுவும் விழவில்லை. ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கி, ட்ரைபாட் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"போன மாசம் முப்பத்துநாலு" என்றார் சின்னக் குரலில். "ஒரு மாசத்துல பதினஞ்சு. மாஸ்டர், இது சாதாரணம் இல்ல. எனக்கு உள்ள ஏதோ ஆயிடுச்சு. லென்ஸு, வீட்டுக்குப் போன் போடும்மா. இல்ல, வேண்டாம், பயந்துருவாங்க. முதல்ல டாக்டருக்குப் போடு."

அவர் தன் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்த பார்வையை மாஸ்டரால் தாங்க முடியவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முகம். அன்று அந்த முகம் வாடக்கூடாது என்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. கூட்டத்தில் அவருடைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் நின்றார்கள். வாசல் வழியாக எதிரே பார்த்தால் பலகை தெரிந்தது. மாஸ்டர் அதைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. டேப்பு பொய் சொல்லுது."

கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள்.

"டேப்பு மட்டும் இல்ல. நானும்." மாஸ்டர் மனைவி கையிலிருந்த துண்டை வாங்கி வெட்டின டேப்போடு சேர்த்துவைத்துக் காட்டினார். முதல் முப்பத்தாறிலிருந்து தொடங்கி, போன மாதத்து அளவுவரை எல்லாவற்றையும் சொன்னார். "உங்க மூஞ்சி போன போக்கைப் பாக்க முடியலண்ணே. அதான். நிஜம் நாப்பத்தொண்ணரை."

கடைக்காரர் குனிந்து விரல்விட்டு எண்ணினார். உதடு அசைந்தது. ஏதோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பிறகு தலையை நிமிர்த்தினார். முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது.

"நாப்பத்தொன்பது இல்ல?"

"இல்லண்ணே."

"நாப்பத்தொண்ணரைதானா?"

"நாப்பத்தொண்ணரைதான்."

"அஞ்சு நிமிஷத்துல ஏழரை இஞ்சு குறைஞ்சிட்டேனே!" என்று எழுந்து நின்றார். இரண்டு பேர் கைதட்டினார்கள். நின்ற பிறகுதான் மீதி விஷயம் அவருக்கு உறைத்தது. மறுபடி உட்கார்ந்தார்.

"ஒன்பது வருஷமாவா மாஸ்டர்? நான் தெருவெல்லாம் முப்பத்துநாலுன்னு சொல்லிட்டு இருந்தேனே. எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்களே."

"நாங்க யாரும் நம்பல சார்" என்றார் ஒரு வாடிக்கையாளர், ஆறுதலாக.

மாஸ்டர் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தார். கழுத்து வெறுமையாக இருந்தது. குளிர்வது போலக்கூட இருந்தது. போய்விடலாம் என்று திரும்பியவரைத் தடுத்தது லென்ஸுவின் குரல்.

"சார், இது நம்ம கண்ணாடிக் குழாய் கதைதானே?"

"எது?"

"முப்பத்துநாலு. நீங்க இருபத்தஞ்சு வயசுல அந்த அளவு. அந்த ஆளு இப்ப இல்ல. குழாய் போயிடுச்சு. பேரு மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. முப்பத்துநாலுங்கிறது உங்க பேரு சார். நாப்பத்தொண்ணரைங்கிறதுதான் அளவு. பேரும் அளவும் ஒண்ணா இருக்கணும்னு யாரு சொன்னா?"

"மாஸ்டர் சொன்னாரு" என்றார் கடைக்காரர்.

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

"சொன்னேன்" என்றார் மாஸ்டர். நாலு நாளைக்கு முன்னால் இதே இடத்தில் நின்று பேசின ஆளை அவருக்கு இப்போது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "பேரை மாத்த வேண்டாம்மா. ஆனா பேரைப் பாத்து வாங்குறவனுக்கு அளவும் தெரியணும். ரெண்டையும் வைக்கணும். நான் எழுதினதுல ஒண்ணுதான் இருந்துச்சு. நீ எழுதினதுலயும் ஒண்ணுதான்."

கடைக்காரர் எழுந்து வந்தார். அடிக்கப் போகிறாரா, அணைக்கப் போகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. கடைசியில், "டீ ஆறிப்போச்சு மாஸ்டர்" என்றார். "வேற சொல்றேன்."

அன்றைக்கு மத்தியானமே மாஸ்டர் புது டேப் ஒன்று வாங்கி, கறுப்புத் துணியை விரித்து உட்கார்ந்தார். லென்ஸு ஒரு தாளில் எல்லா அளவுகளையும் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு துண்டு, மில்லிமீட்டர் பிசகாமல், ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்தது. போன் கேமராவுக்கானது அவ்வளவு பொடி. தைக்கும்போது இரண்டு தடவை தும்மலில் பறந்துபோய், மாஸ்டரம்மா தரையில் தவழ்ந்து தேட வேண்டியிருந்தது. "இதுக்கெல்லாம் ஓரம் மடிக்கலைன்னா யாரு அழுதா?" என்று அவர் கேட்டார். மாஸ்டர் அடுத்த துண்டை எடுத்தார். பிராயச்சித்தத்துக்கு ஓரம் மடிக்காமல் விடுவதா?

இப்போது அந்தக் கடையில் ஒவ்வோர் அட்டையிலும் மேலே லென்ஸுவின் குண்டு எழுத்தில் ஊர் உலகம் சொல்லும் பெயர் இருக்கிறது. கீழே நூலில் ஒரு கறுப்புத் துணித்துண்டு தொங்குகிறது. வருகிறவர்கள் பெயரைப் படித்துவிட்டு, துணியை விரலால் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் குழம்பி, பிறகு சிரிக்கிறார்கள். எதிர்க்கடைப் பலகையும் அங்கேயேதான் இருக்கிறது. 'என் டேப்பு பொய் சொல்லாது' என்பதற்குக் கீழே, புதுப் பெயின்ட்டில், கொஞ்சம் சின்ன எழுத்தில் 'இது புது டேப்பு' என்று மாஸ்டரே எழுதிச் சேர்த்திருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துக் கடைக்காரர் அடுத்த பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. மாஸ்டர் டேப்பைச் சுற்றினார். எண்ணை அவரையே பார்க்கச் சொன்னார்.

"நாப்பத்திரண்டு" என்று கடைக்காரர் தானே படித்தார். பெருமூச்சு விட்டார். "சரி. உண்மைன்னா உண்மை."

தைத்து முடித்ததும் இடுப்புப் பட்டையைப் புரட்டி, மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு மாஸ்டர் கேட்டார்: "என்ன எழுதட்டும்ணே?"

கடைக்காரர் வாசல்வரை போய், தன் கடை அலமாரியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"மீடியம்னு எழுதுங்க."

"மீடியமா? அண்ணே, நாப்பத்திரண்டுக்குப் போயி..."

"எங்க தொழில்ல ஃபுல்லை விட மீடியம்தான் மாஸ்டர் பெருசு."

மாஸ்டர் பேனாவைப் பிடித்தபடியே யோசித்தார். மேலிருந்து யோசித்தார், கீழிருந்து யோசித்தார், மூலைக்கு மூலை வைத்தும் பார்த்தார். ஒரு நூல்கூடப் பொய் இல்லை. நிறுத்தி நிதானமாக, நல்ல பெரிய எழுத்தில், மீடியம் என்று எழுதினார்.